குட்டிச் சிலந்தியைப் பதிவு செய்வது எப்படி? பிரிட்டனில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

இங்கிலாந்தின் பிளிமத் நகரில் சில பழைய சுண்ணாம்புக்கல் குவாரிகள் இருக்கின்றன. அந்த வட்டாரத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இதுவரை கிடைக்காத ஒரு சிலந்தி அங்கே வாழ்கிறது. பெயர் நோத்தோஃபான்டீஸ் ஹாரிடஸ். உள்ளூரில் ஹாரிட் கிரவுண்ட் வீவர் என்பார்கள். உடம்பு ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர்தான். கல் இடுக்கிலேயே குடியிருப்பதால் பக்கத்துத் தெருக்காரர்கூடப் பார்த்திருக்க மாட்டார். 1989-இல் முதன்முதலாகக் கிடைத்தது, 1995-இல் புதிய இனம் என்று விவரித்து எழுதினார்கள். அது வாழும் ராட்ஃபோர்ட் குவாரியில் 57 வீடுகள் கட்ட விண்ணப்பம் வந்தபோது நகர மன்றம் மறுத்தது. கட்டுநர் செய்த மேல்முறையீடும் 2015 ஜனவரியில் தள்ளுபடியானது. தள்ளுபடிக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்தச் சிலந்தியும் ஒன்று.

ஒரு கட்டுமானத் திட்டத்தின் முன்னால் இந்தப் பொடிச் சிலந்தி கணக்கில் வந்ததற்குக் காரணம், யாரோ அதைச் சரியாகப் பிடித்து, சரியாக அடையாளம் கண்டு, இடமும் தேதியும் எழுதி வைத்திருந்ததுதான். அதை நீங்களும் செய்யலாம், படிப்போ பட்டமோ தேவையில்லை. ஆனால் எதை முதலில் வாங்குவது, யாரிடம் அனுமதி கேட்பது, அனுப்பிய போட்டோவை ஏன் ஏற்க மறுக்கிறார்கள் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்லித்தர எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். இங்கே சொல்லும் சட்டமும் நடைமுறையும் இங்கிலாந்துக்கானவை. விலைகள் எல்லாம் தோராயமானவை.

1. அபூர்வத்தைத் தேடிப் போகாதீர்கள்

பிரிட்டனில் சுமார் 670 சிலந்தி இனங்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய 280 ஒரே குடும்பம், லினிஃபிடே. மேலே சொன்ன குவாரிச் சிலந்தியும் இந்தக் குடும்பம்தான். விரிப்புப் போல வலை பின்னி அதன் அடியில் தலைகீழாகத் தொங்குபவை. மணி ஸ்பைடர் என்று இங்கே கூப்பிடுவது இவற்றைத்தான். பெரும்பாலானவை 3 மில்லிமீட்டருக்கும் குறைவு, கறுப்போ பழுப்போ, வெறும் கண்ணுக்கு ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது.

அதனால் உங்கள் தோட்டத்தில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். டெனுயிஃபான்டீஸ் டெனுயிஸ் பிரிட்டன் முழுக்க இருக்கிறது. பூந்தொட்டியை நகர்த்தினால் அடியில் ஓடும். புல்தரையில் எரிகோனே இனங்கள் கிடைக்கும். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை வேலிச்செடிகளில் லினிஃபியா டிரையாங்குலாரிஸ் தொங்கிக்கொண்டிருக்கும். இந்தக் குடும்பத்தில் பெரியவற்றில் அதுவும் ஒன்று, 5, 6 மில்லிமீட்டர் வரும், புதியவருக்கு ஏற்றது. இவற்றை ஆணும் பெண்ணுமாகத் தடுமாறாமல் பெயர் சொல்ல வந்தபிறகு மற்றவற்றைப் பார்க்கலாம். சாதாரண இனத்தைத் தெரியாதவருக்கு அபூர்வமானது கையில் வந்து நின்றாலும் தெரியாது.

ராட்ஃபோர்ட் குவாரிக்கு நேராகக் கிளம்பிப் போகவே கூடாது. இருக்கும் இடமே கைவிரலில் எண்ணக்கூடிய அளவு. 1989-இல் முதலில் கிடைத்த ஷாப்டர்ஸ் ஃபீல்டு குவாரி பிறகு கட்டட வேலையில் போய்விட்டது. உலக அழிவாபத்துப் பட்டியலில் இந்த இனம் மிக மோசமான ஆபத்து என்ற நிலையில் இருக்கிறது. அங்கே போய்க் கல்லைப் புரட்டுவது உதவியல்ல, சேதம்.

2. எந்த மாதம் போவது

இந்த வேலையில் வளர்ந்த சிலந்தி மட்டுமே செல்லும். குஞ்சைப் பார்த்து இனத்தைச் சொல்ல வழியில்லை, எவ்வளவு நல்ல மைக்ராஸ்கோப் இருந்தாலும் சரி. மே, ஜூனில் பல இனங்கள் முதிர்ந்திருக்கும். அதை விட்டால் அக்டோபரிலிருந்து பனிக்காலம் முழுவதும். மற்ற பூச்சிக்காரர்கள் வீட்டில் முடங்கும் நவம்பர், டிசம்பரில் இலைச்சருகுக்குள் ஏராளமான குட்டி லினிஃபிடே வளர்ந்த நிலையில் கிடைக்கும். ஜூலை, ஆகஸ்டில் போனால் நிறைய அகப்படும், ஆனால் பாதிக்கு மேல் குஞ்சாக இருந்து மனசை உடைத்துவிடும்.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. ஆணின் முன்பக்கம் குட்டிக் கால் போல இரண்டு உறுப்புகள் இருக்கும், பால்ப் என்பார்கள். கடைசித் தோலை உரிப்பதற்கு முந்தைய கட்டத்தில் அவை உப்பிக் கிடக்கும். பார்த்தால் வளர்ந்த ஆண் என்றே தோன்றும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உள்ளே கொக்கியும் தகடும் எதுவும் இல்லாமல் மொழுக்கென்று இருக்கும். உப்பல் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், உள்ளே உறுப்புகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். லென்ஸ் வைத்து வெளியிலேயே இதைப் பார்த்துவிட்டால் ஓர் உயிர் மிச்சம்.

3. அனுமதியும் காகிதங்களும்

பொதுப்பாதை இருக்கிறது என்பதால் அங்கே சிலந்தி எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. நடக்கத்தான் உரிமை. எடுக்க வேண்டுமானால் நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும், அதுவும் எழுத்தில். மின்னஞ்சல் போதும். அதில் நான்கு விஷயம் இருக்கட்டும்: எந்த இடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த முறையில் பிடிப்பீர்கள், முடிவை அவருக்கும் அனுப்புவீர்கள் என்பது. கடைசியாகச் சொன்னதை எழுதினால் பதில் வேகமாக வருகிறது என்பது என் அனுபவம். தன் நிலத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள யாருக்கும் ஆசைதான்.

நகர மன்றம், அறக்கட்டளை, குவாரிக் கம்பெனி போன்றவர்கள் ரிஸ்க் அசெஸ்மென்டும் (என்ன ஆபத்து வரலாம், எப்படித் தவிர்ப்பீர்கள் என்ற குறிப்பு) பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸும் (உங்களால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு) கேட்பார்கள். இதுதான் புதியவர்களைத் தடுத்து நிறுத்தும் இடம். என் மின்னஞ்சல் ஓர் அலுவலகத்தில் பதிலே இல்லாமல் கிடந்து, தொலைபேசியில் கேட்டபோது இன்சூரன்ஸ் சான்று இணைக்கவில்லை என்றார்கள். தனியாக இன்சூரன்ஸ் எடுப்பதற்கு முன்னால் உள்ளூர் இயற்கை ஆர்வலர் சங்கம் ஒன்றில் சேர முடியுமா என்று பாருங்கள். சங்கம் நடத்தும் களப்பயணத்தில் போனால் பெரும்பாலும் அவர்களுடைய இன்சூரன்ஸிலேயே அடங்கிவிடும், அனுமதியும் அவர்களே வாங்கி வைத்திருப்பார்கள். முதல் வருடத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அந்த இடம் எஸ்.எஸ்.எஸ்.ஐ. என்ற சிறப்புப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால் நிலத்துக்காரர் சரி என்றாலும் போதாது. நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பின் ஒப்புதலும் தேவைப்படலாம். அதற்கு நான்கு மாதம் வரை ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். அக்டோபரில் போக வேண்டுமானால் மே மாதமே கடிதம் போயிருக்க வேண்டும். இடம் பட்டியலில் இருக்கிறதா என்று அரசின் மேஜிக் வரைபடத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

சட்டத்தில் இனப் பாதுகாப்பு என்று பார்த்தால், 1981 வனவிலங்குச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் ஃபென் ராஃப்ட் சிலந்தியும் லேடிபர்ட் சிலந்தியும் இருக்கின்றன. லைசென்ஸ் இல்லாமல் அவற்றைப் பிடிக்கக் கூடாது. இரண்டும் பெரியவை, லினிஃபிடேயோடு குழம்ப வாய்ப்பில்லை.

4. என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்

செலவில் முக்கால்வாசி மைக்ராஸ்கோப்புக்குப் போகும். வேண்டியது ஸ்டீரியோ மைக்ராஸ்கோப், இரண்டு கண்ணாலும் பார்ப்பது. குறைந்தது 40 மடங்கு பெருக்கம் வேண்டும், இந்தக் குடும்பத்துக்கு 80 வரை போனால்தான் நிம்மதி. புதிது 250 முதல் 500 பவுண்டு வரை. பழையது நல்ல நிலையில் 100, 150-க்கும் அகப்படும். யு.எஸ்.பி.யில் கணினியோடு சேர்க்கும் 30 பவுண்டுக் கருவியை வாங்கிவிடாதீர்கள். ஆயிரம் மடங்கு என்று பெட்டியில் போட்டிருப்பான், சிலந்தியின் ரோமம்கூடத் தெளிவாகத் தெரியாது. மிச்சப்படுத்திய காசை வளையும் கழுத்துள்ள எல்.இ.டி. விளக்குக்குப் போடுங்கள், 20 முதல் 40 பவுண்டு. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் முள்ளும் ரோமமும் எழுந்து தெரியும்.

காசு இல்லையென்றால் கவலை வேண்டாம். சில அருங்காட்சியகங்களிலும் பதிவு மையங்களிலும் மைக்ராஸ்கோப்பை உட்கார்ந்து உபயோகிக்க விடுவார்கள். கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, சிலந்தியைக் கெடாமல் போட்டு வைக்கச் சாராயம், அதாவது ஆல்கஹால். எத்தனால் 70 சதவீதம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். ஆனால் தொழிற்சாலை எத்தனாலை இங்கே வாங்கி உபயோகிக்க வரித்துறையின் ஒப்புதல் வேண்டும், தனி ஆளுக்கு அது பெரிய வேலை. ஐசோபுரோபனால் 70 சதவீதம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், லிட்டர் 10 பவுண்டு வாக்கில். சிலந்தி கொஞ்சம் விறைத்துப்போகும், அடையாளம் காண அது தடையில்லை.

மற்றதெல்லாம் சில்லறை: சின்ன மூடி டியூப்கள், நுனி மெல்லிய பிரஷ், வாயால் உறிஞ்சிப் பிடிக்கும் பூட்டர், 10 மடங்கு கை லென்ஸ், வெள்ளைத் தட்டு, ஒரு ஜல்லடை. எல்லாம் சேர்த்து 40 பவுண்டுக்குள் அடங்கும்.

5. பிடிப்பது

சருகை இரண்டு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தட்டின் மேல் ஜல்லடையில் சலியுங்கள். அப்புறம் அசையாமல் காத்திருங்கள். முதல் நிமிடத்தில் ஓடுபவை வேறு பூச்சிகள். லினிஃபிடே கொஞ்ச நேரம் காலை மடக்கிச் செத்ததுபோலக் கிடந்துவிட்டுத்தான் கிளம்பும். அவசரப்பட்டுத் தட்டைக் கொட்டிவிட்டால் அவற்றையும் கொட்டிவிடுவீர்கள். பிரஷ் நுனியைச் சாராயத்தில் நனைத்துத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். விரலால் எடுத்தால் கால் போய்விடும்.

கால் போனாலும் அதிலும் ஒரு தகவல் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் கால் ஒடிவது முழங்கால் துண்டுக்கும் அதற்கு அடுத்த துண்டுக்கும் நடுவே. மற்ற பெரும்பாலான சிலந்திகளில் கால் உடம்பை ஒட்டிய இடத்தில் கழன்றுவிடும். மைக்ராஸ்கோப்பின் கீழே முழங்காலோடு நிற்கும் மொட்டைக் காலைக் கண்டால் பெரும்பாலும் லினிஃபிடேதான்.

தரையில் குழி தோண்டிக் கோப்பை புதைக்கும் முறையைப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். முதல் வருடம் அது வேண்டாம். நீங்கள் வீட்டில் தூங்கும்போதும் அது கொன்றுகொண்டே இருக்கும், எலிக்குஞ்சும் தவளையும்கூட விழும். வேண்டியதை மட்டும் கையால் எடுங்கள். ஓர் இடத்தில் ஒரே மாதிரி இருப்பதில் ஆண் ஒன்று, பெண் ஒன்று போதும். குஞ்சு என்று லென்ஸில் தெரிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். இந்தச் சிலந்திகளைக் கொல்லாமல் பெயர் சொல்ல முடிந்தால் எனக்கும் சந்தோஷம்தான், முடிவதில்லை. அதனால் எடுத்த ஒவ்வொன்றையும் கடைசிவரை பார்த்துப் பதிவாக்க வேண்டும், டியூபில் போட்டு அலமாரியில் மறந்துவிடக் கூடாது.

6. லேபிளை அன்றைக்கே எழுதுங்கள்

லேபிள் இல்லாத சிலந்திக்கு மதிப்பே இல்லை. பென்சிலால் தடித்த தாளில் எழுதி டியூபுக்குள்ளேயே, சாராயத்துக்குள்ளேயே போடுங்கள். பால்பாயிண்ட் மை கரைந்துவிடும், வெளியே ஒட்டும் ஸ்டிக்கர் கழன்றுவிடும். எழுத வேண்டியவை: இடத்தின் பெயர், மாவட்டம், கிரிட் ரெஃபரன்ஸ் (வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் எண்), தேதி, எந்த மாதிரி இடத்தில் எப்படிப் பிடித்தது, பிடித்தவர் பெயர். அடையாளம் கண்டபிறகு இனத்தின் பெயரும் கண்டவர் பெயரும் தேதியும் இன்னொரு துண்டில்.

கிரிட் ரெஃபரன்ஸில் இரண்டு எழுத்தும் சில எண்களும் இருக்கும். பிளிமத் பகுதி எஸ்.எக்ஸ். எழுத்தில் வரும். ஆறு எண் போட்டால் 100 மீட்டர் சதுரம், எட்டு எண் போட்டால் 10 மீட்டர் சதுரம். போன் ஆப் தருவதைக் காட்டிலிருந்தபடியே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து வரைபடத்தில் தேடினால் பக்கத்துச் சதுரத்தில் விழும். குவாரி மாதிரி இடத்தில் அந்த 100 மீட்டர்தான் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தீர்மானிக்கிறது.

7. மைக்ராஸ்கோப்பின் கீழே

இங்கேதான் நிறையப் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கண்ணாடிக் கிண்ணத்தில் மெல்லிய வெள்ளை மணல் கொஞ்சம் போட்டு, சாராயத்தை ஊற்றி, அதற்குள் சிலந்தியை வையுங்கள். மணலில் சின்னப் பள்ளம் பண்ணி அதில் அமர்த்தினால் வேண்டிய கோணத்தில் நிற்கும். சாராயத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு இருந்தால் வெளிச்சம் பளபளத்து ஒன்றும் தெரியாது, முழுக்க மூழ்கியிருக்க வேண்டும்.

முதலில் கால். நான்கு ஜோடிக் கால்களிலும் முழங்காலுக்கு அடுத்த துண்டான டிபியாவின் மேல்பக்கத்தில் எத்தனை முள் என்று எண்ணுங்கள். முன்னங்காலிலிருந்து வரிசையாக 2222 என்றோ 2221 என்றோ 1111 என்றோ எழுதிக்கொள்வது வழக்கம். இந்த ஓர் எண் சாத்தியமான இனங்களின் பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிடும். முள் உதிர்ந்துபோயிருக்கலாம், ஆனால் அது முளைத்த குழி ஒரு வெளிர் வட்டமாகத் தெரியும், அதையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரு பக்கக் காலை மட்டும் நம்பாமல் மறுபக்கத்தையும் பாருங்கள்.

அடுத்து, அதற்கும் கீழே உள்ள மெட்டாடார்சஸ் துண்டில் ஒரு தனி ரோமம் இருக்கும். மற்ற ரோமங்கள் சாய்ந்து படுத்திருக்க, இது மட்டும் மெல்லிய குழியிலிருந்து செங்குத்தாக நிற்கும். முதல் காலில் அது துண்டின் நீளத்தில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பின்னமாக எடுங்கள். 0.40 என்றால் பாதிக்கும் கொஞ்சம் முன்னால். நான்காவது காலில் அது இருக்கிறதா இல்லையா என்பதையும் குறியுங்கள். விளக்கைக் கிட்டத்தட்டப் படுக்கையாகச் சாய்த்தால்தான் இந்த ரோமம் கண்ணில் படும்.

கடைசியாக இனப்பெருக்க உறுப்பு. பெண்ணுக்கு வயிற்றின் அடியில் எபிஜைன் என்ற தகடு. ஆணுக்கு பால்ப். புத்தகப் படங்கள் பெரும்பாலும் இடது பால்பை வெளிப்பக்கத்திலிருந்து வரைந்தவை. நீங்கள் வலதைப் பார்த்தாலோ கொஞ்சம் திரும்பியிருந்தாலோ படத்தோடு ஒத்தே வராது. புதியவர்கள் தரும் தவறான பெயர்களுக்கு இந்தக் கோணம் ஒரு பெரிய காரணம். டெனுயிஃபான்டீஸ் டெனுயிஸையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆணின் பால்பில் லமெல்லா என்ற தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனை எப்படிப் பிரிகிறது என்பதை வைத்துத்தான் ஜிம்மர்மன்னி, ஃபிளாவிபெஸ் போன்ற உறவுக்காரர்களிலிருந்து பிரிக்க முடியும். பால்பை மணலில் பதித்துச் சரியான கோணம் வரும்வரை மெல்லத் திருப்புங்கள்.

எரிகோனே ஆண் கிடைத்தால் அதை முதலில் பார்த்துவிடுங்கள், மனசுக்குத் தெம்பு வரும். தலைமார்பின் விளிம்பு முழுக்க ரம்பம்போலப் பற்கள், பால்பின் முழங்காலில் கீழ்நோக்கி ஒரு பெரிய கொம்பு. இரண்டு மில்லிமீட்டர் உடம்பில் இவ்வளவு வேலைப்பாடா என்று தோன்றும்.

படங்களுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ஐரோப்பியச் சிலந்திகள் தளம் இலவசம். உலகச் சிலந்திப் பட்டியலில் பதிவு செய்துகொண்டால் மூலக் கட்டுரைகளையும் இறக்கிக்கொள்ளலாம். பிரிட்டனில் உள்ளதை மட்டும் முதலில் ஒப்பிடுங்கள். ஐரோப்பா முழுவதையும் திறந்துவைத்தால் தலை சுற்றும்.

8. பதிவை அனுப்புவது

பிரிட்டிஷ் அராக்னாலஜிக்கல் சொசைட்டி நடத்தும் சிலந்திப் பதிவுத் திட்டம் 1987 முதல் இயங்குகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அமைப்பாளர் உண்டு. அவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், பதில் வர வாரக்கணக்காகலாம், சில சமயம் மாதக்கணக்கும் ஆகும். முதலில் ஒரு வரி எழுதி அறிமுகம் செய்துகொள்ளுங்கள், எந்த வடிவத்தில் வேண்டும் என்று கேளுங்கள். ஐரெக்கார்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் நேராகவும் போடலாம். கட்டணம் கிடையாது.

முதல் சில லினிஃபிடே பதிவுகளுக்கு அமைப்பாளர் சிலந்தியையே பார்க்கக் கேட்பார். உங்கள்மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லோருக்கும் இதே நடைமுறைதான். உயிருள்ள சிலந்தியின் மேல்பக்கப் போட்டோவை மட்டும் வைத்து இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றை யாரும் ஏற்க மாட்டார்கள். உறுப்பின் படம் வேண்டும், கூடவே சிலந்தியும் பத்திரமாக இருக்க வேண்டும். சாராய டியூபைத் தபாலில் போடும் முன் ராயல் மெயிலின் தடைப் பட்டியலைப் பாருங்கள், எளிதில் தீப்பற்றும் திரவங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. சங்கக் கூட்டத்தில் நேரில் கொடுப்பது உத்தமம்.

9. கட்டுமான அறிவிப்பு வந்தால்

நீங்கள் பதிவு செய்யும் இடத்தில் திட்ட விண்ணப்பம் ஒன்று வரலாம். அப்போது கட்டுநரின் ஆலோசகர் போய்க் கேட்பது மாவட்டப் பதிவு மையத்தில். பிளிமத் இருக்கும் டெவனில் அது டெவன் பயோடைவர்சிட்டி ரெக்கார்ட்ஸ் சென்டர். தேசியத் திட்டத்துக்கு அனுப்பியது அங்கே தானாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். வருடக் கடைசியில் உங்கள் பட்டியலின் நகலை மையத்துக்கும் தனியாக அனுப்புங்கள். அவர்கள் கோப்பில் இல்லாத சிலந்தி அறிக்கையிலும் இருக்காது.

நகர மன்றம் விண்ணப்பத்தை அறிவித்த பிறகு கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் தருவார்கள். அதற்குள் புதிதாகப் போய்த் தேடி, அடையாளம் கண்டு, சரிபார்ப்பு வாங்குவது நடக்காத காரியம். குவாரியோ பழைய ரயில் நிலமோ பக்கத்தில் இருந்தால் அறிவிப்பு வருவதற்கு முன்பே அனுமதி வாங்கிப் பார்த்து வையுங்கள். கருத்து எழுதும்போது கோபத்தைக் குறைத்து, இனம், தேதி, கிரிட் ரெஃபரன்ஸ், சரிபார்த்தவர், சிலந்தி இப்போது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை எழுதுங்கள். ராட்ஃபோர்டுக்காகப் பத்தாயிரத்தை நெருங்கிய கையெழுத்துகள் சேர்ந்தன, அவையும் உதவின. ஆனால் இப்படிப்பட்ட பதிவு இல்லாமல் கையெழுத்து கேட்க ஒரு சிலந்தியே இருந்திருக்காது.

10. அபூர்வம் என்று சந்தேகம் வந்தால்

கால் முள், ரோமம், உறுப்பு மூன்றும் எந்தச் சாதாரண இனத்தோடும் ஒத்துப்போகவில்லை என்றால் மேற்கொண்டு எடுப்பதை நிறுத்துங்கள். அதே கல்லடியில் இன்னொன்று தேடாதீர்கள். இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். அமைப்பாளருக்கு உறுப்பின் படங்களை அனுப்பி, பதிவை வெளியே காட்டும்போது இடத்தை மங்கலாக்கச் சொல்லுங்கள். ஐரெக்கார்டில் சென்சிடிவ், அதாவது இடத்தை மறைக்க வேண்டிய பதிவு என்று குறிக்கும் வசதி இருக்கிறது. உறுதியானபின் சிலந்தியை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, அவர்கள் தரும் எண்ணை உங்கள் பதிவில் சேர்த்துவிடுங்கள். நிலத்துக்காரருக்கு முடிவை அனுப்புவதாகச் சொல்லியிருந்தீர்களே, அந்த மின்னஞ்சலையும் அதே வாரம் அனுப்பிவிடுங்கள்.